தங்க நிறச் சக்கரம், நீல உடம்பு: கிளியோ வில்லியம்ஸ் கேள்வி-பதில்

1993இல் ரெனால்ட் வெளியிட்ட கிளியோ வில்லியம்ஸ் என்ற வேகமான சின்னக் கார் பற்றிய கேள்விகளை மட்டுமே இந்த முறை எடுத்துக்கொண்டோம். கிரீஸ் கறை பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கேள்வி: காரின் பெயரே வில்லியம்ஸ். அப்படியானால் ஃபார்முலா 1 வில்லியம்ஸ் அணிதானே இதன் எஞ்சினை டியூன் செய்திருக்கும்?

இல்லை. அந்த அணி இந்தக் காரில் ஒரு நட்டைக்கூட முடுக்கவில்லை. வேலை முழுவதும் ரெனால்டின் பந்தயப் பிரிவான ரெனால்ட் ஸ்போர்ட் செய்தது. பெயர் மட்டும்தான் பந்தயத் தடத்திலிருந்து வந்தது. ரெனால்ட் எஞ்சின் பூட்டிய வில்லியம்ஸ் காரில் நைஜல் மேன்செல் 1992இல் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே அலேன் பிராஸ்டும் பட்டத்தை அள்ளினார். அந்தச் சூட்டை ஷோரூமுக்குக் கொண்டுவர யாருக்குத்தான் ஆசை வராது?

நிறத்தைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. நீலமும் தங்கமும் அணியின் காரைப் பார்த்து அடித்த காப்பி என்பார்கள். நாள்காட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. வில்லியம்ஸ் எஃப்1 கார்கள் ராத்மன்ஸ் விளம்பரத்தோடு நீலமும் தங்கமுமாக ஓடத் தொடங்கியது 1994இல்தான். கிளியோ வந்த 1993இல் அணியின் கார் நீலம், மஞ்சள், வெள்ளை என்று கலந்துகட்டி இருந்தது. இந்த விஷயத்தில் சின்னக் கார்தான் முந்திக்கொண்டது.

கேள்வி: "வரையறுக்கப்பட்ட பதிப்பு" என்று சொல்லி விற்றுவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்களாமே? முதலில் வாங்கியவர்களை ஏமாற்றியதாகத்தானே அர்த்தம்?

கணக்கைப் பார்த்துவிடுவோம். ராலியில் குரூப் ஏ பிரிவில் இறங்க, தெருவில் ஓடக்கூடிய அதே மாதிரிக் கார் 2,500 செய்து விற்றிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ரெனால்ட் 3,800 கார்களை அறிவித்தது. ஒவ்வொன்றின் டேஷ்போர்டிலும் வரிசை எண் பொறித்த சின்னத் தகடு. அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. கேட்டு வந்தவர்கள் வரிசை மட்டும் தீரவில்லை. உடனே முதல் தொடரிலேயே மேலும் 1,600க்கு மேல் கட்டினார்கள். பிறகு 1994இல் வில்லியம்ஸ் 2, 1995இல் வில்லியம்ஸ் 3. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12,100 கார்கள்.

எண் தகடோடு வாங்கியவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. 2,500 என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதனால் சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தகட்டில் எண் போட்டுக் கொடுப்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை ரெனால்ட் காப்பாற்றவில்லை என்பதே எங்கள் கருத்து.

பிரிட்டனுக்கு மட்டும் போனவை இவை: முதல் தொடரில் 390, இரண்டாவதில் 482, மூன்றாவதில் 308. வலது பக்க ஸ்டீயரிங் வில்லியம்ஸ் தேடுகிறவர்கள் இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். முழு 12,100ஐயும் நினைத்துக்கொண்டு "நிறையத்தானே இருக்கிறது" என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: 12,100 செய்த கார் எப்படி அரிதாகும்? இதைவிடக் குறைவாகச் செய்த ஹாட் ஹேட்ச்கள் (வேகத்துக்காகத் தீட்டிய சின்ன ஹேட்ச்பேக் கார்கள்) உண்டா?

தாராளமாக உண்டு. ரெனால்டே 2008இல் மெகான் ஆர்26.ஆர் என்று 450 கார்கள் மட்டும் செய்தது. பின் இருக்கையைக் கழற்றி, பானெட்டைக் கார்பனில் வார்த்து, பின் கண்ணாடிகளுக்குப் பாலிகார்பனேட் போட்டு 123 கிலோ இளைக்க வைத்தார்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட் எஸ் 400. ஆடி ஏ1 குவாட்ரோ 333.

எண்ணிக்கையை மட்டும் வைத்தால் வில்லியம்ஸ் இந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும். ஆனால் செய்த எண்ணிக்கை வேறு, ஒழுங்காக மிஞ்சிய எண்ணிக்கை வேறு. ஆர்26.ஆர் போன்றவை பிறந்த நாளிலிருந்தே போர்வை போட்டுக் காக்கப்பட்டவை. வில்லியம்ஸ் பாவம், தினமும் ஓடியது, பள்ளம் மேட்டில் விழுந்தது, திருடு போனது, பந்தயத்துக்காகப் பிய்த்தெடுக்கப்பட்டது. எல்லாப் பாகமும் அதனதன் இடத்தில் இருக்கும் ஒரு வில்லியம்ஸ் கிடைப்பதுதான் அரிது.

கேள்வி: கிளியோ 16எஸ் காருக்கு நீல பெயின்ட் அடித்து, தங்க நிறச் சக்கரம் மாட்டியதுதான் வில்லியம்ஸ் என்கிறான் நண்பன். பதில் சொல்லத் தெரியவில்லை.

நண்பரை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் எஞ்சின். 16எஸ் என்பது பதினாறு வால்வு கிளியோ. அதில் இருந்த எஃப்7பி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83.5. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,764 சிசி, 137 பிஎஸ் (குதிரைத்திறன்). வில்லியம்ஸின் எஃப்7ஆர் எஞ்சினில் விட்டம் 82.7, ஸ்ட்ரோக் 93. ஆக 1,998 சிசி, 150 பிஎஸ். கூடுதல் சிசியில் பெரும்பங்கு ஸ்ட்ரோக்கில்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். இந்த 93 மில்லிமீட்டர் அதே குடும்பத்து 1.9 லிட்டர் டீசல் எஞ்சினில் இருக்கும் அளவுதான். நீண்ட ஸ்ட்ரோக் என்றால் கீழ் வேகத்தில் இழுவை. நிமிடத்துக்கு 4,500 சுற்றில் 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). 16எஸ் எஞ்சினைக் கதறவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். வில்லியம்ஸில் மூன்றாம் கியரில் மிதித்தாலே கார் கிளம்பிவிடும். இதோடு பெரிய வால்வுகள், வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் கேம்கள், தனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஆயில் கூலர்.

இரண்டாவது கியர்பாக்ஸ். கூடிய டார்க்கைத் தாங்க ஜேசி5 என்ற பலமான பெட்டி வந்தது.

மூன்றாவதுதான் ஓட்டுகிறவர் கையில் உடனே தெரியும். முன் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் 16எஸ் காரைவிட 34 மில்லிமீட்டர் அதிகம். அதற்காக முன் சப்ஃபிரேமும் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) சஸ்பென்ஷனும் மாறின. முன் ஸ்பிரிங், பின் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கும் கம்பி), வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஆன்ட்டி-ரோல் பார் எல்லாம் விறைப்பாயின. சக்கரங்கள் ஸ்பீட்லைன் நிறுவனத்தவை, 15 அங்குல விட்டம், 7 அங்குல அகலம். ஏபிஎஸ் கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 7.8 விநாடி, உச்ச வேகம் 215.

பெயின்டும் சக்கரமும் மட்டும் மாற்றினால் கிடைப்பது நீல நிற 16எஸ், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படி நீலம் அடித்த 16எஸ்ஸை வில்லியம்ஸ் என்று விற்கிறார்களாமே? காசு கொடுப்பதற்கு முன் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

டேஷ்போர்டுத் தகட்டிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு திருகில் மாட்டக்கூடிய தகடு எதற்கும் சாட்சி ஆகாது. இரண்டாம், மூன்றாம் தொடர்களில் அந்தத் தகடே இல்லை. ஆகவே தகடு இல்லாததால் கார் போலி என்றும் சொல்லிவிட முடியாது.

சேஸி எண்ணில் தொடங்குங்கள். வில்லியம்ஸின் வகைக் குறி சி57எம். பானெட்டைத் திறந்தால் தெரியும் முட்டை வடிவ அடையாளத் தகட்டில் பெயின்ட் எண் இருக்கும். முதல் இரண்டு தொடர்களுக்கும் 449 (ஸ்போர்ட்ஸ் புளூ), மூன்றாவதற்கு 432 (மொனாக்கோ புளூ, கொஞ்சம் பளிச்சென்று இருக்கும்). காரின் உடம்பில் 432 நிறம், தகட்டில் 449 என்றால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

அடுத்து எஞ்சின் எண். எஃப்7ஆர் 700 என்று இருக்க வேண்டும். எஃப்7ஆர் 710 என்றிருந்தால் அது மெகான் கூபேயிலிருந்து வந்த எஞ்சின். ஓடுவதில் பெரிய குறை இருக்காது. ஆனால் விலை பேசும்போது அது வேறு கார்.

பெயின்டைச் சோதிக்க வெளிப்புறம் வேண்டாம். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்குங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை ஓரிடத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பின் விளக்கைக் கழற்ற விட்டால் இன்னும் நல்லது. சிவப்போ கருப்போ அங்கே எட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது, கிளம்பலாம். காந்தம் கொண்டுபோகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தக் காரின் முன் ஃபெண்டர்கள் பிளாஸ்டிக். அங்கே காந்தம் ஒட்டாதது இயல்பு. அதைப் பார்த்துப் பட்டி அடித்திருக்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். காந்தத்தைப் பின் சக்கர வளைவிலும் கதவின் அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள்.

உள்ளே நீல மீட்டர் முகங்கள், நீல சீட் பெல்ட், நீலத் தரைவிரிப்பு, நீலக் கியர் குமிழ். இவற்றில் பெல்ட்டும் விரிப்பும் போலிக் கார்களில் பெரும்பாலும் விட்டுப்போகும். மாற்றுவது சிரமம், கிடைப்பதும் சிரமம்.

கடைசியாக எஞ்சின் அறையில் ஏபிஎஸ் யூனிட்டோ, அதைக் கழற்றிய பிறகு மிச்சமிருக்கும் தாங்கியோ தெரிந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். ஏபிஎஸ் வந்தது 16எஸ்ஸுக்கு.

இன்னொன்று. கார் உண்மையான வில்லியம்ஸாகவே இருந்து, முன்னால் இடிபட்டுச் சரிசெய்யப்பட்டதாக இருக்கலாம். அப்போது கிடைக்காத பாகத்துக்குப் பதில் 16எஸ் பாகங்களைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அடியில் படுத்து, இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க்கை) முனையிலுள்ள பால் ஜாயின்ட்டிலிருந்து சேஸியின் ஒரே புள்ளிக்கு டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த 34 மில்லிமீட்டரில் ஒரு பக்கத்துப் பங்கை யாரோ தொலைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இரண்டாம் கியர் போடும்போது கரகரக்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பிரிக்கும் முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் பல்சக்கர அமைப்பு பெடலில் இருக்கிறது. அதன் பல் தேய்ந்தால் கிளட்ச் முழுதாக விடுபடாது, குற்றம் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) மேல் விழும். எஞ்சின் ஓட, கிளட்ச்சை முழுதாக மிதித்து மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அங்கேயும் கரகரத்தால் கேபிளும் கிளட்ச்சும்தான் சந்தேக வளையத்தில். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது மட்டும் சத்தம் என்றால் மெக்கானிக் சொன்னது சரி. உள்ளே 75டபிள்யூ-80 ஆயில்தானா என்றும் கேளுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் குளிரில் நல்ல சிங்க்ரோவும் கரகரக்கும்.

கேள்வி: டைமிங் பெல்ட்டை நானே மாற்றலாமா? தவறினால் என்ன ஆகும்?

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் கேம் தண்டுகளையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது இந்த பெல்ட்தான். தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பதினாறு வால்வில் எத்தனை வளையும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கார் அதிகம் ஓடாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நின்றுகொண்டே இருக்கும் காரிலும் ரப்பருக்கு வயது ஏறும்.

கருவிகளும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினால் கிராங்க் கையால் சுலபமாகத் திரும்பும். முதல் சிலிண்டரை உச்சப் புள்ளிக்குக் கொண்டுவந்து, பிளாக்கில் ஃபிளைவீல் பக்கமுள்ள அடைப்பு போல்ட்டை எடுத்துவிட்டு, 8 மில்லிமீட்டர் பின்னை (பூட்டும் இரும்பு முளை) செருகி கிராங்க்கைப் பூட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். கிராங்க்கில் பின்னுக்கான பள்ளம் ஒன்று, எடைச் சமநிலைக்காகத் துளைத்த ஓட்டை வேறொன்று. முளை அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தாலும் "பூட்டிவிட்டது" என்றே தோன்றும். பின்னைச் செருகியதும் கேம் புல்லிகளின் குறிகளைப் பாருங்கள். குறிகள் பொருந்தவில்லை என்றாலோ, கிராங்க் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடுகிறது என்றாலோ முளை இருப்பது தப்பான இடம்.

பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் தானாகத் துள்ளித் திரும்பும். புல்லிகளைப் பூட்டும் கருவி இல்லாமல் கழற்றவே வேண்டாம். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரையும் அதை வழிநடத்தும் ஐட்லர் உருளையையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பேரிங் புதிய பெல்ட்டை ஆறு மாதத்தில் தின்றுவிடும். கேம் ஆயில் சீலில் ஈரம் தெரிந்தால் அதையும் இப்போதே மாற்ற வேண்டும். ஆயில் பட்ட பெல்ட் ஊறி, பல் உரிந்து வரும்.

இறுக்கத்தை விரலால் அழுத்தி ஊகிக்காமல் கேஜ் வைத்து அளந்து முடுக்குங்கள். பிறகு பின்னை எடுத்துவிட்டு (இதை மறந்து ஸ்டார்ட்டரைத் தட்டியவர்கள் உண்டு) கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பின்னைச் செருகிக் குறிகளைச் சரிபாருங்கள். சுற்றும்போது எங்காவது முட்டினால் நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள். முட்டுவது வால்வாக இருக்கலாம்.

கேள்வி: பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு பின் சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து தெரிகின்றன. அலைன்மென்ட் கடையில் "இதற்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது உண்மை. சாய்வுக்குக் காரணம் தேய்மானம். பின் அச்சுக் குழாய்க்குள் ஊசி உருளை பேரிங்குகள் இருக்கின்றன. பின் சக்கர ஆர்ம்கள் அவற்றின் மேல்தான் திரும்புகின்றன. ஓரத்து சீல் பழுதானால் தண்ணீர் புகும், கிரீஸ் கரையும், ஊசிகள் துருப்பிடித்துப் பொடியாகும். பிறகு ஆர்ம் நேராகக் குழாயையே தேய்க்கத் தொடங்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது பழைய கதவு திறக்கும் சத்தம் கேட்கிறதா? அதுதான் அறிகுறி.

சீக்கிரம் பிடித்தால் பேரிங்கும் சீலும் போதும். ஆர்மின் தண்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது பேரிங் போட்டாலும் சில மாதத்தில் பழைய கதைதான். அச்சையே புதுப்பிக்க வேண்டும்.

பிரிக்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். இதில் காயில் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார்கள்தான். கார் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பாரின் பல் எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்பதே முடிவு செய்கிறது. பாரின் இரு முனைகளிலும் பல் எண்ணிக்கை வேறு. இரண்டு முனையையும் சேர்த்து நகர்த்தினால் உயரத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம். அதே காரணத்தால் குறி போடாமல் உருவிவிட்டால் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும். உருவும் முன் சென்டர் பஞ்சால் பாரிலும் ஆர்மிலும் எதிரெதிராகப் புள்ளி வையுங்கள். இடது, வலது என்று எழுதுங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். துருவில் இறுகிய பாரைச் சுத்தியலால் பக்கவாட்டில் அடிக்கக் கூடாது. முனையில் உள்ள மரையில் ஸ்லைடு ஹாமரை மாட்டி நேர்கோட்டில் இழுக்க வேண்டும். பாரின் மேலே கீறல் விழுந்தால் பிற்பாடு அந்த இடத்தில்தான் முறியும்.

கேள்வி: 185/55 ஆர்15 டயருக்குப் பதிலாக 195/50 ஆர்15 போடலாமா?

போடுகிறார்கள். வெளி விட்டம் ஏறக்குறைய 584 மில்லிமீட்டரிலிருந்து 576க்கு இறங்கும். ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். முழுதாக ஸ்டீயரிங்கைத் திருப்பி, உள்பக்கம் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார், எஞ்சின் சூடானதும் திடீரென்று அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஃபியூயல் பம்ப்பை மாற்றியும் பயனில்லை.

பம்ப்புக்குக் காசு கொடுக்கும் முன் கியர்பாக்ஸ் மூடியின் மேல் கை வைத்துப் பார்த்திருக்கலாம். ஃபிளைவீலைப் பார்த்தபடி அங்கே ஒரு சென்ஸார் இருக்கிறது. கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள். சூட்டில் விரிந்து எங்கேனும் தொடர்பு விட்டால் சிக்னல் நிற்கும், சிக்னல் நின்றால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் ஒன்றாக நிற்கும். ஆறினால் சுருள் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

கார் அணைந்த அதே நிமிடம் சென்ஸாரின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 200 ஓமை ஒட்டி இருந்தால் சுருள் பிழைத்திருக்கிறது. எல்லையில்லாமல் காட்டினால் அது போய்விட்டது. ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், அதனால் மீட்டரைக் காரிலேயே வைத்திருங்கள். சுருள் நன்றாக இருந்தால் பிளக்கின் பின்களைத் துடையுங்கள். பச்சை பூத்திருந்தால் அதுவே நோய். சென்ஸாரின் முனையில் கிளட்ச் தூளும் இரும்புப் பொடியும் மீசை போல ஒட்டியிருக்கும். துணியால் வழித்துவிட்டு மாட்டுங்கள்.